ஆள் இருந்த இடம்

காலையில் எழுந்து வந்த மகளின் தலையில் இரட்டைப் பின்னல் இருந்தது. வகிடு நேராக இல்லை, இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அக்காதான் பின்னிவிட்டிருப்பாள் என்று அவன் நினைத்தான். அக்காவோ, பரவாயில்லையே, தம்பிக்கு இதெல்லாம்கூட வருமா என்று அவனைக் கேலி செய்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படிச் சாய்த்து வகிடெடுக்கும் கை அந்த வீட்டில் ஒருத்தியுடையதுதான். அவன் மனைவி. அவள் செத்துப்போய் ஒரு வருஷமாகிறது.

பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுப்பது அவன் தொழில். கிழிந்தது, பூஞ்சை பிடித்தது, கரையான் தின்றது, எது வந்தாலும் ஸ்கேன் செய்து, புள்ளி புள்ளியாகத் துடைத்து, போனவர்களைப் பளிச்சென்று உட்கார வைத்துவிடுவான். ஊரார் வீட்டுச் செத்தவர்களுக்கெல்லாம் உயிர் கொடுக்கிற மகராசன். தன் வீட்டில் ஒருத்தி மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தபோது ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனும் இவன்தான். நடிக்கிறாள் என்றாள் அக்கா. நம்புவது வசதியாக இருந்தது, நம்பினான்.

இப்போது அக்கா அவனுக்கு வேறு பெண் பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை பெண் வீட்டார் வருகிறார்கள். அதற்குள், கூரை ஒழுகி நனைந்துபோன குடும்ப ஆல்பத்தைச் சரிசெய்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

"அவ இருக்கிற படத்துலேருந்து அவள மட்டும் எடுத்துடு. வர்றவ கண்ணுல பட வேணாம்."

அவள் இருந்த படங்கள் மூன்றே மூன்றுதான். அவளைப் படம் எடுக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. ஆளை எடுப்பதும் பெரிய வித்தை இல்லை. பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி ஆள் மேல் பூசிக்கொண்டே வந்தால், கடைசியில் சுவர்தான் மிஞ்சும். முதல் படத்தில் அவள் ஜன்னலுக்கு உள்ளே நின்று கம்பியைப் பிடித்திருந்தாள். முகமும் இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன. அதைப் பூசி முடித்த மறுநாள் காலையில்தான் அந்தப் பின்னல்.

இரண்டாவது படத்தில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவள் பின்னால் நின்றிருந்தாள். நாற்காலிக்கு மேலே தலையிலிருந்து நெஞ்சுவரை தெரிந்தது. நாற்காலிக் கால்களுக்கு நடுவே இரண்டு பாதங்கள். அதையும் துடைத்து முடித்த பிற்பகலில், அடைமழையின் இரைச்சலுக்கும் ஓட்டிலிருந்து வாளியில் சொட்டுகிற தண்ணீருக்கும் நடுவே, யாரோ கூடத்தில் கால்களை இழுத்து இழுத்து நடந்துபோவதும், சமையலறை வாசலில் மூச்சு வாங்க நிற்பதும், நெஞ்சுக்குள்ளேயே அடக்கிப் பார்த்து முடியாமல் இருமுவதும் அவனுக்குக் கேட்டன. அவள் கடைசி மாதங்களில் தேய்த்துக்கொண்ட தைலத்தின் நெடி கதவிடுக்கு வழியாக வந்தது. எட்டிப் பார்த்தான். ஈரத் தரை. யாரும் இல்லை. திரும்பி வந்து, பழக்கதோஷம், ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

மூன்றாவது படத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். வெள்ளிக்கிழமை மதியம், இதை விட்டுவிடலாமே என்று அக்காவிடம் சொல்லியும் பார்த்தான். பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை காலம் தனியாகத் திண்டாடுவாய் என்று அவள் பிடித்துக்கொண்டாள். அக்காவிடம் பேசி ஜெயித்த சரித்திரம் அவனுக்குக் கிடையாது. அதோடு, மகளைச் சொன்னால் அவன் அடங்கிவிடுவான். அவனுக்கென்று மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் அவன் வெறும் ஆள்.

அந்தப் படத்தில்தான் மனைவி முழுசாக இருந்தாள். வாசலில் நின்று, கைக்குழந்தையாக இருந்த மகளை இடுப்பில் வைத்திருந்தாள். முகத்தைப் பூசினான். தோளை, கையை. கடைசியாக இடுப்பை. திரையில் குழந்தை மட்டும் அந்தரத்தில் நின்றது, கால்களை அகட்டியபடி, ஒரு கையால் இல்லாத கழுத்தை வளைத்தபடி. பார்க்கச் சகிக்கவில்லை. கீழே ஒரு ஸ்டூலையாவது ஒட்டிவிடலாம் என்று தேடினான்.

"முடிச்சாச்சாப்பா?"

மகள் எப்போது வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. திரையை எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள்.

"இடுப்பு மட்டுந்தான் இன்னும் வரலன்னு அம்மா சொன்னாங்க. அதான் என்னைத் தூக்க முடியலையாம்."

சொல்லிவிட்டுக் கூடத்துக்கு ஓடிவிட்டாள்.

செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பினான். துடைத்த கறை திரும்பி வந்தது. பூஞ்சை வந்தது. அவள் வரவில்லை. மறுபடி திருப்பினான். சுவர். மறுபடி. வெறும் சுவர். எழுந்து ஸ்கேனரின் மூடியைத் திறந்தான். கண்ணாடி மேல் கிடந்த அசல் படத்திலும் அவள் இல்லை.

கூடத்தில் மகள் சிரித்தாள்.

ஓடினான். அக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, தலைப்பை வாயில் அடைத்தபடி நின்றிருந்தாள். வாசல் கதவு திறந்து கிடந்தது. நிலைக்கு நடுவில், ஒரு பெண்ணின் இடுப்பு உயரத்தில், மகள் உட்கார்ந்திருந்தாள். காற்றில். ஒரு கை எதையோ வளைத்துப் பிடித்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டது. இப்போது அது இழுக்கவில்லை.

கூப்பிட வாயைத் திறந்தான்.

"டாட்டா சொல்லச் சொன்னாங்கப்பா" என்றாள் மகள்.

கையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினாள். தெருவில், கொட்டுகிற மழையில், நடைக்குத் தகுந்தாற்போல மெல்ல ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பொட்டுத் தண்ணீர்கூட அவள் தலையில் விழவில்லை. யாரோ முந்தானையை இழுத்துப் பிடித்த அகலத்துக்கு, அவள் தலைக்கு மேலே மழை இரண்டாகப் பிரிந்து விழுந்துகொண்டிருந்தது.