வாசலில் கிடந்த உப்பு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுஜீதன் வந்து கதவைத் தட்டியபோது, பிரவீணா பவளத்தின் வீட்டு சோபாவில் பாதித் தூக்கத்தில் இருந்தாள். தென்கோளத்தில் ஆடி நடுக்குளிர்காலம்; கிளென் வேவர்லி முழுவதும் மழைத்தூறலில் மங்கிக் கிடந்தது. கோயம்புத்தூரிலிருந்து அம்மா காலையில் அனுப்பிய ஆடி வெள்ளி வாழ்த்துக்கு இன்னும் பதில் போடவில்லையே என்று கைப்பேசியை எடுத்தவள், வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே வைத்துவிட்டாள்.

பவளம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை விசாரித்துச் சொல்பவள். யாழ்ப்பாணத்துக்காரி, எதற்கும் குரலை உயர்த்தாதவள். பக்கத்து வீட்டு பிரவீணாவுக்கு வேலை என்னவோ பல் கிளினிக்கில்தான். ஆனால் பவளத்துக்கு ஒரு வழக்கு வந்துவிட்டால், லீவு போட்டாவது காரோட்டக் கிளம்பிவிடுவாள். யாரும் கேட்காமலே குற்றவாளியையும் கண்டுபிடித்துவிடுவாள், பெரும்பாலும் தப்பாக.

சுஜீதனின் பிழைப்பு பனிமலையில். குளிர்காலம் வந்தால் விடுதிப் பாதைகளிலும் படிகளிலும் ஐஸ் கட்டாமல் உப்புத் தூவுவார். அந்த மலையில் இந்தத் தொழிலுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. கட்டாயமில்லை, விரும்பியவர்கள் படித்து வாங்கலாம். மண்ணும் ஓடையும் கெடாதபடி அளவாகத் தூவக் கற்று அதை வாங்கியவர் மேல், யாராவது வழுக்கி விழுந்தால் வழக்குப் போட முடியாது. ஆனால் அவர் உப்பைத் தூவியிருக்க வேண்டும்.

அன்று காலை ஒரு விடுதியின் வாசற்படியில் கிருஷ்ணசாமி என்ற விருந்தாளி வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். படியில் உப்பே இல்லை. சான்றிதழ் இருக்கும் தைரியத்தில் சுஜீதன் வேலையை ஏய்த்துவிட்டார் என்று விடுதி மேலாளர் விவேக் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"விடியவெள்ளன என்ர கையால போட்டனான் அக்கா. சேர்ட்டிஃபிகேட்டைப் பறிச்சாங்களெண்டா கேஸும் என்ர தலையில, வேலையும் போச்சு. ரெண்டு பெட்டைப் பிள்ளையள் எனக்கு," என்றார் சுஜீதன்.

"அந்தப் படியை ஆராவது துப்பரவாக்கினவையோ?"

"இல்லை. விவேக் கயிறு கட்டி மறிச்சு வச்சிருக்கிறார்."

"அப்ப நாளைக்கு வாறம்," என்றாள் பவளம்.

சனிக்கிழமை மூடுபனிக்குள் கார் மலையேறியது. யூகலிப்டஸ் மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மறைந்தன. வண்டியை ஓட்டுவது தானா அல்லது தன் கனவில் வரும் வேறு யாராவதா என்று பிரவீணாவுக்கே சந்தேகமாக இருந்தது. அப்படியொரு அழகு, அப்படியொரு அமைதி.

விடுதி வாசல் தெற்குப் பார்த்தது. தென்கோளத்தில் அது குளிர்காலம் முழுக்க வெயில் எட்டிப் பார்க்காத பக்கம். மேல்படியில் ஐஸ் கண்ணாடித் தகடு மாதிரி அப்படியே இருந்தது. பவளம் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். ஐஸில் லேசான மஞ்சள் சாயல். பக்கச் சுவரில் சின்னச் சின்ன மணிகளாக உறைந்த துளிகள். படிக்குக் கீழே, கல்லிடுக்கில், வெள்ளையாக உப்பு ஒதுங்கிக் கிடந்தது.

"தண்ணி ஊத்தியிருக்காங்க. விவேக்தான், சந்தேகமே இல்ல. அந்தக் குழாயைத் திறந்துவிட்டிருக்கான்," என்று பிரவீணா காதைக் கடித்தாள்.

பவளம் குழாயைக் காட்டினாள். குளிர்காலத்துக்காக அடைத்து, கோணி சுற்றி வைத்திருந்தார்கள். அந்தச் சுற்றின் மேல் பல நாள் பனி கலையாமல் கிடந்தது. பிரவீணா தன் குற்றவாளியைக் கைவிட்டாள்.

உள்ளே கிருஷ்ணசாமி கட்டுப் போட்ட கையோடு கணப்பருகே உட்கார்ந்து பொரிந்து தள்ளினார். போன வருஷம் பைபாஸ் செய்துகொண்டவராம். அந்த உப்புக்காரனைச் சும்மா விடப்போவதில்லையாம். அவர் மனைவி கலா எல்லாருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள். போகும்போது பவளத்திடம் மட்டும் மெதுவாக, அந்தத் தம்பிக்குக் குழந்தைகள் இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டு பெண்கள் என்றதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பவளம் காபியைக் குடித்து முடித்தாள். பிறகு எல்லாரையும் வாசலுக்கு அழைத்தாள்.

"சுஜீதன் உப்புப் போட்டவர்தான். அந்த உப்புத்தான் கீழ கிடக்குது. அதுக்குப் பிறகு ஆரோ படியைக் கழுவியிருக்கினம். வெளிக்குழாய் அடைச்சுக் கிடக்கு, அப்ப தண்ணி விடுதிக்குள்ள இருந்துதான் வந்தது. கழுவின பிறகு கையால தெளிச்சும் இருக்கினம், அதுதான் சுவரில துளி. இந்தக் குளிருக்கு அது உறைய எவ்வளவு நேரம் வேணும்? மற்றது, ஐஸ் மஞ்சளாக் கிடக்குது."

பிரவீணாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அம்மாவின் வாழ்த்து. நேற்று ஆடி வெள்ளி. வாசல் கழுவி மஞ்சள் நீர் தெளிக்கும் நாள். ஊரில் என்றால் அது காய்ந்துபோயிருக்கும்.

"யாருங்க அது? பேரைச் சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்," என்றார் கிருஷ்ணசாமி.

பவளம் பேரைச் சொல்லவில்லை, யார் முகத்தையும் பார்க்கவுமில்லை. 

"நான்தாங்க," என்றாள் கலா. "ஆடி வெள்ளியாச்சேன்னு மஞ்சத்தண்ணி தெளிக்க விடியக்காலைல கதவைத் திறந்தா, வாசப்படி பூரா உப்பு. யாரோ திருஷ்டி சுத்திப் போட்டுட்டாங்கன்னு பயந்துட்டேன். நெஞ்சைக் கிழிச்சுத் தைச்ச மனுஷன் அதை மிதிச்சிடக் கூடாதேன்னு கழுவிவிட்டேன். நீங்க விழுந்தப்புறம்தான் புரிஞ்சுது. சொல்ல வாய் வரலை."

கிருஷ்ணசாமி கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை கோபமும் எங்கே போயிற்றோ, முகம் சின்னப் பையனுடையதுபோல ஆகிவிட்டது.  அவர் சுஜீதனிடம் போய், தன் நல்ல கையால் அவர் கையைப் பிடித்து, தப்பு என் வீட்டில்தான் தம்பி, எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் என்றார். விவேக் தான் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக முணுமுணுத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

படியில் ஐஸ் மட்டும் அப்படியே இருந்தது. சுஜீதன் தன் வாளியைக் கொண்டுவந்து, தூவப் போனவர் நின்று, அதைக் கலாவிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்கோ அக்கா. இது ஒருத்தரையும் ஒண்டும் செய்யாது."

கலா தயங்கினாள். பிறகு ஒரு பிடி உப்பை எடுத்துக் குனிந்து, கை தானாகப் போன போக்கில் புள்ளி வைத்து, இழை இழுத்தாள். உப்பு பட்ட இடமெல்லாம் ஐஸ் மெல்ல நொறுங்கும் சத்தம் கேட்டது. மூடுபனிக்குள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஐஸ் கோடு கோடாக உருகி, கருங்கல்லில் ஒரு கோலம் திறந்துகொண்டு வந்தது.

கிருஷ்ணசாமி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த உப்பின் மேல் காலை வைத்து இறங்கினார்.