மிஸ்டு காலில் ஓடிய மோட்டார்

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

போர்வெல் தண்ணீர் நாற்றங்காலை நிரப்பி, வரப்பை மீறி, பக்கத்து வயலில் வழிந்துகொண்டிருந்தது. யார் இப்படித் தண்ணீரைப் பாழடிப்பது என்று திட்டிக்கொண்டே வந்த வயல்காரர் ரெங்கசாமி, மோட்டார் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

அலறினார்.

வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த நூறுநாள் வேலைப் பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே இனியவன் மல்லாந்து கிடந்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர். விரல்கள் கருகியிருந்தன.

அவனுக்கு வயது இருபத்தொன்பது. எலெக்ட்ரிகல் டிப்ளமோ. ஒரத்தநாட்டில் ராஜராஜன் என்பவரின் கடையில் வேலை. சுற்றுவட்டாரத்தில் மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டுகிறவன் அவன்தான். ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிம் கார்டு. அந்த நம்பருக்கு ரிங் கொடுத்தால் மோட்டார் ஓடும். வயலுக்குப் போக வேண்டியதில்லை. டீக்கடையிலிருந்தும் ஓட்டலாம், சிங்கப்பூரிலிருந்தும் ஓட்டலாம்.

பதினொன்றரைக்கு ஜீப்பில் வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர் குந்தவை. முதலில் மீட்டர் பலகையிலிருந்த ஃப்யூஸ் மூன்றையும் பிடுங்கினார். பிறகு, பேட்டரியில் இன்னும் எரிந்துகொண்டிருந்த ஸ்டார்ட்டர் பெட்டியின் சின்னத் திரையைப் படம் எடுத்துக்கொண்டார்.

கடைசி அழைப்பு, காலை 10.41. கூப்பிட்ட நம்பர் அதில் இல்லை.

யாரோ போன் போட்டிருக்கிறார்கள். மோட்டார் ஓடியிருக்கிறது. ஒருவன் செத்திருக்கிறான்.

"அந்த நம்பர் யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார் குந்தவை.

"எனக்கு, சிங்கப்பூர்ல இருக்குற என் மகன் இளஞ்செழியனுக்கு, அப்புறம் மாட்டிக் குடுத்த கடைக்கு... சத்தியமா நான் போன் பண்ணலம்மா. என் போன்ல ரீசார்ஜே இல்ல."

ரெங்கசாமியின் குரல் நடுங்கியது.

நடுங்கக் காரணம் இருந்தது. போன வாரம் கூட்டுறவு சங்க வாசலில் நாலு பேர் பார்க்க அவர் இனியவனைப் பார்த்துக் கத்தியிருந்தார். இன்னொரு தடவை மோட்டார் தானாக ஓடினால் உன்னையே அதில் கட்டி ஓட விடுவேன் என்று.

சாயங்காலத்துக்குள் இனியவனின் சொந்தக்காரர்கள் பட்டுக்கோட்டை ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ரெங்கசாமியைக் கைது செய்யாமல் உடலை வாங்க மாட்டோம் என்றார்கள். குந்தவை அவரை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தார். மறுநாள் ரெங்கசாமியின் ஆட்கள் வந்து, பெரியவரை எதற்கு உட்கார வைத்தீர்கள் என்று கத்தினார்கள்.

இரண்டு பக்கமும் திட்டு.

மகன் இளஞ்செழியன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். அங்கே வேலை நேரத்தில் போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும். அவனுடைய சூப்பர்வைசரே மெயில் போட்டு உறுதி செய்தார்.

கடைக்காரர் ராஜராஜன் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்தார். பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் எனக்குத் தம்பி மாதிரி மேடம். அப்ப என்கிட்டதான் பேசிக்கிட்டு இருந்தான். திடீர்னு சத்தம் நின்னு போச்சு. டவர் கிடைக்கலன்னு நெனச்சுட்டேன்..."

இனியவனின் போனும் அதைத்தான் சொன்னது. 10.38க்குத் தொடங்கிய பேச்சு, ராஜராஜனோடுதான். 10.41 வரை அவர் அந்தப் பேச்சில் இருந்தார்.

ஆக, பெட்டிக்குப் போன் போட்டது வேறு யாரோ.

அது யார் என்று சிம் கம்பெனியைக் கேட்க வேண்டியதுதான். கேட்டார் குந்தவை. படிவம் தப்பு என்று பதில் வந்தது. சரியான படிவத்தில் கேட்டார். எஸ்.பி. கையெழுத்து இல்லை என்றார்கள். தஞ்சாவூருக்குப் போய் வாங்கி அனுப்பினார். சர்வர் பராமரிப்பில் இருக்கிறது, காத்திருக்கவும் என்றது மெயில். பெட்டி தயாரித்த கம்பெனிக்குப் போன் போட்டால், மோட்டாரை ஓட்ட ஒன்றை அழுத்தவும் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது.

நாலாவது தடவை குந்தவை போனை மேஜைமேல் வீசினார்.

தினமும் காலையில் டியூட்டிக்குப் போகும் முன் ஸ்டேஷனுக்கு வந்து நின்றாள் செம்மொழி. இனியவனின் மனைவி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ்.

"ஃப்யூஸைப் பிடுங்காம அவரு கை வைக்க மாட்டாரு மேடம். பிடுங்கின ஃப்யூஸைச் சட்டைப் பையில போட்டுக்குவாரு. அது எப்படித் திரும்பப் பலகைக்குப் போச்சு?"

குந்தவை அதை ரெங்கசாமியிடம் கேட்டார். தான் எதையும் தொடவில்லை என்று அவர் சாதித்தார். எத்தனை நாள்தான் அவரை உட்கார வைப்பது? வெளியூர் போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

பத்தாம் நாள் நம்பர் வந்தது.

140 என்று ஆரம்பிக்கும் விளம்பர நம்பர். சென்னையில் வீட்டு மனை விற்கும் ஒரு கம்பெனியுடையது. கூப்பிட்டது மனுஷனே இல்லை. தானாக டயல் செய்கிற மெஷின்.

குந்தவை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பத்து நாள் அலைச்சல்... கடைசியில் ஒரு விளம்பர அழைப்பு!

அரசு வக்கீல் சிரித்தார். "மெஷின்மேல கொலைக் கேஸ் போட முடியாது இன்ஸ்பெக்டர். கம்பெனிமேல போட்டா, அது மோட்டார் பெட்டின்னு எங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பான். நியாயமான கேள்விதானே?"

டி.எஸ்.பி. சிரிக்கவில்லை. விபத்து என்று எழுதி முடிக்கச் சொன்னார்.

அறிக்கையைப் பாதி எழுதியிருந்தபோது செம்மொழி வந்தாள். குந்தவை விஷயத்தைச் சொன்னார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை.

"பெட்டி நம்பர் மூணு பேருக்குத்தான் தெரியும்னீங்க. அந்த மெஷினுக்கு யாரு மேடம் குடுத்தா?"

குந்தவையின் பேனா நின்றது.

இனி மெயில் போட்டுப் புண்ணியமில்லை. விடியற்காலை ரயிலைப் பிடித்து நேராகச் சென்னைக்கே போனார். கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் மேனேஜர் முதலில் வக்கீலைக் கூப்பிட வேண்டும் என்றார். கூப்பிடுங்கள், அவரையும் விசாரிக்கிறேன் என்றார் குந்தவை. மேனேஜர் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

"நாங்க சும்மா யாரையும் கூப்பிடறதில்ல மேடம். எங்க வெப்சைட்ல வந்து விவரம் குடுத்தா, முப்பது செகண்டுல மெஷின் கூப்பிடும். அன்னிக்கு அந்த நம்பர்ல இருந்து மனை கேட்டு ஒரு விண்ணப்பம் வந்திருக்கு."

மோட்டார் பெட்டி வீட்டு மனை கேட்டிருந்தது!

நேரம் 10.40. பெயர், ரெங்கசாமி. ஆனால் ரெங்கசாமி வைத்திருப்பது பட்டன் போன். அதில் வெப்சைட்டே திறக்காது. குந்தவை காகிதத்தின் கடைசி வரிவரை படித்தார். மறுபடியும் படித்தார்.

மறுநாள் காலை ராஜராஜனின் கடை.

அவர் எழுந்து நின்று வரவேற்றார். கேஸ் முடிந்ததா மேடம் என்று கேட்டார். முடியப் போகிறது என்று காகிதத்தை மேஜைமேல் வைத்தார் குந்தவை.

"ரெங்கசாமி பேரை நீங்க அடிச்சீங்க. பெட்டி நம்பரையும் நீங்க அடிச்சீங்க. ஈமெயில் கட்டத்துல மட்டும் உங்க கம்ப்யூட்டர் வழக்கம்போல அதுவா போட்டுடுச்சு. உங்க கடை முகவரியை. அவசரத்துல நீங்க பார்க்கல."

ராஜராஜன் பார்த்தார். இப்போதுதான் பார்த்தார்.

உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எல்லாம் வந்தது. கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டி அவர் விற்றவை அத்தனையும் மலிவான போலிப் பெட்டிகள். நல்ல பெட்டி பதிவு செய்த நம்பருக்கு மட்டும்தான் ஓடும். இவருடையது யார் கூப்பிட்டாலும் ஓடும். ரெங்கசாமியின் மோட்டார் தானாக ஓடியது அதனால்தான். மூன்று முறை போய்ப் பார்த்த இனியவன் பெட்டியைப் பிரித்து அதைக் கண்டுபிடித்துவிட்டான். மாட்டிய இருநூறு பெட்டிகளையும் திரும்ப எடுக்க வேண்டும், இல்லையென்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றான்.

எடுக்கிறேன் என்றார் ராஜராஜன். முதலில் ரெங்கசாமி பெட்டியைச் சரி செய் என்று அனுப்பினார். 10.38க்கு அவரே போன் போட்டார்.

கடையிலிருந்தே பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன் தம்பி, இனி எந்தப் போனும் உள்ளே வராது, பூட்டு நிற்கிறதா என்று தெரிய ஃப்யூஸைப் போட்டு மோட்டார் பக்கத்து வயரின் ஸ்க்ரூவை முறுக்கிப் பார் என்றார். ஸ்டார்ட்டர் ஓடாதவரை அந்தப் பக்கம் கரண்ட் இல்லை. இனியவன் முதலாளியை நம்பினான். சட்டைப் பையிலிருந்து ஃப்யூஸை எடுத்து மாட்டினான்.

ராஜராஜன் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே விண்ணப்பத்தை அனுப்பினார். தன் போனிலிருந்து கூப்பிட்டால் பதிவாகிவிடும். மெஷினுக்குத்தான் முகம் கிடையாதே.

குந்தவை காகிதத்தை எடுத்து மடித்தார். அந்தச் சத்தம் நின்ற கணத்தை இந்த ஆள் காதால் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டு, கடையில் வியாபாரம் பார்த்திருக்கிறார்.

வெளியே வந்து செம்மொழிக்குப் போன் செய்தார். நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொன்னார். மறுமுனையில் அப்போதுதான் முதல் முறையாக அழுகைச் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை குந்தவை போனை வைக்கவில்லை.

ஜீப்பில் ஏறும்போது ராஜராஜனுக்குக் கொஞ்சம் தைரியம் திரும்பியிருந்தது.

"ஒண்ணு யோசிச்சீங்களா மேடம்? போன் பண்ணது நான் இல்ல. மெஷின். கோர்ட்டுல என் வக்கீல் அதைத்தான் கேப்பாரு."

"தாராளமா கேக்கட்டும்," என்று கதவைச் சாத்தினார் குந்தவை. "குற்றப்பத்திரிகையில ஏ-ஒன் நீங்க, ஏ-டூ மெஷின். யாருக்கு முதல்ல ஜாமீன் கிடைக்குதுன்னு பார்ப்போம்."