சேவியரின் வலது முழங்கால்

மிளகுக் கிடங்கில் போன் அடித்தது.

எடுத்த வெங்கிடாசலத்தின் காதில் ஓர் அலறல் பாய்ந்தது... தொடர்ந்து 'மடக்'.

மட்டாஞ்சேரி மிளகு வியாபாரியும், 'மிளகுப்படை' ஹாக்கி டீமின் முதலாளியுமான அவர் முகத்தில் கல்யாணக் களை.

"முழங்கால் போயாச்சு," என்றார் மேனேஜர் சுதர்ஷனிடம். "சேவியருக்கு நல்ல தொண்டை."

சுதர்ஷன் கணக்கு நோட்டை மூடினான்.

"சார்... நம்ம டிஃபென்டர் காலை நாமளே ஒடிக்கணுமா? யாருக்காவது வித்திருக்கலாமே?"

"யாருக்கு? லீக்கோட சம்பள வரம்பைத் தாண்டிட்டோம். சாயங்காலத்துக்குள்ள குறைக்கலைன்னா டீமே வெளில. இன்னொரு டிஃபென்டர் பாண்டித்துரையைக் கலூர் டீமுக்குக் கொடுத்தா, ஃபைனல்ல அவனே நம்மளை மறிப்பான். சேவியரை ஏலூர் டீம்காரா கேக்கறா. பதிலுக்கு ரெண்டு சோப்ளாங்கியைத் தலையில கட்டுவா."

"அதனால...?"

"அடிபட்டுப் படுத்தவன் சம்பளம் வரம்புல சேராது. லீக் ரூல். விக்கவும் வேண்டாம், எதிர்ல வந்து நிக்கவும் மாட்டான். மூளை எப்படி?"



கதவு பெயர்ந்து உள்ளே வந்தது. கதவோடு ஓர் அடியாள்!

அவன் தாடை இடது காதுக்குக் குடிபோயிருந்தது. பற்கள் மூன்று, சுக்கு மூட்டை மேல் சோழி போல் உருண்டன. பின்னாலேயே இரண்டாமவன்... முழங்கால் எந்த மனித முழங்காலும் மடங்காத பக்கம் மடங்கியிருந்தது.

வாசலை அடைத்துக்கொண்டு சேவியர். ஆறடி. கையில் ஹாக்கி மட்டை. மட்டையில் ரத்தம்.

"எந்தா சாரே, இது ரெண்டும் உங்க ஆளுதானே? போன்ல கேட்டது இவன் சத்தமாக்கும்."

"சேவியர்... உக்காரு. சாயா குடிக்கறியா?"

சொல்லிக்கொண்டே மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியை உருவி, சேவியரின் கழுத்துக்கு வீசினார் வெங்கிடாசலம்.

எத்தனை பந்தைத் தடுத்த மட்டை அது. கொக்கியையா விடும்?

மணிக்கட்டு நொறுங்கிய சத்தத்தில், காயலில் போன படகுகள் ஒரு முழம் பின்வாங்கின. ரத்தம் விசிறி, வெள்ளை மிளகு சிவப்பு மிளகானது.

"போதும் சேவியர். மட்டையைக் கீழே வை."

கிடங்குக்குள் வந்தது வெங்கிடாசலத்தின் மனைவி கனகாம்பாள். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் சங்கரி.

"கனகம்... இவன் என்னைக் கொல்ல வந்தான்."

"நீங்க அடியாள்கிட்ட பேசினதை அடுக்களைலேர்ந்து முழுக்கக் கேட்டேன். சேவியரை உஷார்படுத்தினதே நான்தான். போலீஸுக்குச் சொன்னதும்."

"ஆம்படையானைக் காட்டிக்கொடுத்து டீமை அழிக்கறியேடி."

"ஏன்னா, டீம் யார் பேர்ல இருக்கு?"

வெங்கிடாசலம் நொறுங்கிய மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தார்.

"வரிக்குப் பயந்து எல்லாத்தையும் என் பேர்ல எழுதினேளே, மறந்துட்டேளா? முதலாளி நானாக்கும்."

"அப்ப வரம்பு? சொல்லு, எவனை விப்பே?"

"எவனையும் விக்க வேண்டாம். தலைமை ஆலோசகர்னு டீம்லேர்ந்து மாசாமாசம் நீங்க எடுக்கற சம்பளமும் அந்த வரம்புலதான் சேர்றது. ரெண்டு டிஃபென்டர் சம்பளத்தைவிடக் கூடுதல். சித்த முன்னாடிதான் உங்களை நீக்கி லீக்குக்கு எழுதினேன். வரம்புக்குள்ள வந்தாச்சு."

சுதர்ஷன் மெல்ல நகர்ந்து கனகாம்பாள் பக்கம் போய் நின்றான்.

நொறுங்காத கையில் விலங்கு மாட்டினாள் சங்கரி. "நடங்க சார்."

"கனகம்... சும்மாவா தூக்கி எறியறது? வேற டீம்லயாவது என்னைச் சேர்த்துவிடப்படாதா?"

"ஏன்னா, ஏலூர்ல கேட்டேன்," என்றாள் கனகாம்பாள். "உங்களை எடுத்துக்கணும்னா, கூடவே சேவியரையும் இனாமா தரணுமாம்."