மூலவீடு

அன்று காலை தமயந்தி எழுந்தபோது சமையலறை கிழக்குப் பக்கம் போயிருந்தது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. மார்கழி பிறந்தால் அப்படித்தான். நிலவின் தென்துருவக் குடியிருப்பில் சுவர்களெல்லாம் நகரக்கூடியவை. வீட்டை நடத்தும் மனையறிவு சொன்னால், ஆட்கள் தூங்கும் நேரத்தில் சத்தமில்லாமல் இடம் மாறிக்கொள்ளும்.

ஆனால் மனையறிவு தானாக எதையும் யோசிப்பதில்லை. பூமியில், கோத்தகிரியில் இருக்கும் மாமியார் பவளக்கொடியின் வீடுதான் மூலவார்ப்பு. மகன் இளவேந்தனின் வீடு அதன் வழிவீடு. அங்கே ஒன்று மாறினால் இங்கேயும் மாறிவிடும். மூலவார்ப்பு எந்தப் பகுதியைத் திறந்து விட்டிருக்கிறதோ அதை மட்டும் வழிவீட்டார் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். தமயந்திக்குத் திறந்திருந்தது குளியலறைத் திரையின் நிறம்.

கல்யாணமான புதிதில் இது சௌகரியமாகக்கூட இருந்தது. ரசத்தில் எவ்வளவு புளி என்பதுவரை வீடே பார்த்துக்கொண்டது.

இந்த முறை வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருந்தது. கோத்தகிரிக் குளிருக்காக மூலவார்ப்பு சூடேற, நிலவிலும் வீடு தகித்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது.

“சூட்டைக் குறை” என்றாள் தமயந்தி.

“மன்னிக்கவும். அந்தப் பகுதி பூட்டப்பட்டிருக்கிறது” என்றது வீடு.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொது நடைபாதையில் போய் உட்கார்ந்தாள். இளவேந்தன் பின்னாலேயே வந்தான்.

“அம்மாகிட்ட சொன்னா வருத்தப்படுவாங்க. மார்கழி முடியட்டுமே.”

“அதுவரைக்கும் பிள்ளை நடைபாதையிலேயே வளரட்டுமா?”

அன்றே மனைப்பொறியாளர் அருள்தாஸை வரவழைத்தாள். அவர் நிதானமான மனிதர்.

“மூலவார்ப்பை வெட்டிடலாம்மா. அப்புறம் எதுவும் தானா வராது, நல்லதும் வராது. இணைதுணுக்குன்னு இருக்கு. சூட்டுக்கு ஒண்ணு, சமையலுக்கு ஒண்ணுன்னு யாரோட வீட்டுலேர்ந்து வேணும்னாலும் எடுத்துக்கலாம். எதை எங்க வைக்கணும்ங்கறதை மட்டும் நீங்கதான் சொல்லணும். ஆனா வெட்டறதுக்கு உங்க மாமியார் சம்மதிக்கணும்.”

இளவேந்தன் சுவரைப் பார்த்தான். தமயந்தியே மாமியாரை அழைத்துப் பேசினாள். பூமிக்கும் நிலவுக்கும் இடையிலான இரண்டரை நொடித் தாமதத்துக்குப் பின் பதில் வந்தது.

“அந்தச் சூட்டை நான் வெச்சேன்னா நெனச்சுட்டிருந்தே கண்ணு?” என்றாள் பவளக்கொடி. “அது எங்க மாமியார் வெச்சது. அவங்க போயே பன்னெண்டு வருசமாச்சு. என்ற வீடும் வழிவீடுதான். மார்கழியானா சூடு தாங்காம நான் வெளிய கட்டலைப் போட்டுப் படுத்துக்கறேன்.”

“ஏன் அத்தை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“உங்களுக்கெல்லாம் அது புடிச்சிருக்குன்னு நெனச்சேன்.”

அருள்தாஸ் சட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: மூலவீட்டுக்காரர் உயிரோடு இல்லையென்றால் மூத்த வழிவீட்டாரின் சம்மதம் போதும். பவளக்கொடி உடனே சம்மதித்தாள்.

வெட்டினார்கள். மருத்துவமனைக் குழந்தைப் பிரிவிலிருந்து வெப்பத்துணுக்கு வந்தது. வீடு குளிர்ந்தது. குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனது. அதைப் பார்த்தபடி தமயந்தி கொஞ்ச நேரம் அழுதாள்.

அதன் பிறகு வேலை ஆரம்பித்தது. சமையல் ஒரு தோழியிடமிருந்து, வெளிச்சம் நூலகத்திலிருந்து. துணுக்குகளுக்கு ஒன்றையொன்று தெரியாது. ஒன்று விளக்கை அணைக்க, இன்னொன்று போட்டது. ஒவ்வொன்றையும் பொருத்தி, சண்டை தீர்த்து, வீடு வீடாவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. ஆனால் முடிந்தபோது அது அவள் வீடாக இருந்தது. நடைபாதையில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பவளக்கொடி மறுபடி அழைத்தாள்.

“எனக்கும் வெட்டிடச் சொல்லு கண்ணு. ஆனா இந்த வயசுல துணுக்கெல்லாம் பொறுக்கிட்டிருக்க என்னால ஆகாது. உன்ற வீட்டையே எனக்கு மூலவார்ப்பாப் போட்டுரு. ஒண்ணு ரெண்டு மட்டும் நான் மாத்திக்கறேன்.”

தமயந்தி நெகிழ்ந்துபோனாள். அருள்தாஸ் இணைப்பைத் தயார் செய்தார்.

“அவங்களுக்கு எந்தெந்தப் பகுதியைத் திறந்து விடணும்மா?”

தமயந்தி தான் பாடுபட்டு ஒழுங்கு செய்த அறைகளைச் சுற்றிப் பார்த்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

“ஒண்ணும் வேணாம்.”

“ஒண்ணுமேவா?”

“அவங்களுக்கு எதுக்குங்க குழப்பம்?” என்றாள் தமயந்தி கனிவாக. “எல்லாம் யோசிச்சுத்தானே வெச்சிருக்கேன். அவங்க நல்லதுக்குத்தான்.”