ஆறாம் மாடிக்குப் போகும் ஒயர்

ஒயர் ஈரமாக இருந்தது.

மழை வெளியேதான் பெய்துகொண்டிருந்தது. அறைக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனாலும் சுவரைத் துளைத்து உள்ளே வந்து மோடத்தில் செருகிக்கொள்ளும் அந்த மெல்லிய வெள்ளை ஒயரில் ஈரம் கோத்திருந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. கழற்றி மாட்டிப் பார்க்கலாம் என்று கை வைத்த கெமுன்டோ, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அது தண்ணீர் இல்லை. விரல்களுக்கிடையே நூல்போல் நீண்டது. மோந்து பார்த்தவள் குமட்டிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். கழுவாமல் குவித்துவைத்த மாட்டுக்குடலின் வாடை. மூன்று தடவை சோப்பு போட்டும் நகக்கண்ணில் தங்கிவிட்டது.

நைரோபியின் பைப்லைன் பேட்டையில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் எட்டு மாடிக் கட்டடங்களில் ஒன்றின் ஆறாவது மாடியில் அவள் அறை. காலை பதினொரு மணிக்கும் விளக்கு போட்டால்தான் முகம் தெரியும். எங்கோ கடலுக்கு அப்பால் நடக்கும் நீதிமன்ற விசாரணைகளின் காணொளிகளைக் கேட்டு, பேச்சைத் தட்டச்சு செய்து, காட்சிக்கடியில் பதித்து அனுப்புவது அவள் பிழைப்பு. அன்று நான்கு மணிக்குள் ஒன்று போயாக வேண்டும். அந்த வாரத்தில் நெட் போவது மூன்றாவது தடவை. 'இன்னொரு முறை தாமதமானால் உங்கள் கணக்கை மூடிவிடுவோம்' என்று நிறுவனம் எழுதிவிட்டது. கிஸீயில் நர்ஸிங் படிக்கும் தங்கை மொராவின் படிப்பு அந்த ஒற்றை ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசியை நம்பிப் பயனில்லை. அந்தக் கட்டடத்துக்குள் பேசினால் கேட்கும், ஃபைல் நகராது.

நெட் நிறுவனத்துக்குப் போன் செய்துவிட்டு, ஒயர் போகும் வழியே அவளும் வெளியே வந்தாள். அது தாழ்வாரத்துக் கூரையோரமாக ஓடி, கட்டடத்தின் நடுவே இருந்த காற்றுக்குழிக்குள் இறங்கியது. தரையிலிருந்து எட்டாவது மாடிவரை, ஓர் ஆள் கை விரித்தால் முட்டும் அகலம். குளியலறைக் குழாய்கள் எல்லாம் அதற்குள்தான். எல்லா வீட்டு நெட் ஒயர்களும் அதற்குள்தான். குழந்தையின் மலத்துணி, ஆறிப்போன உகாலிக் களி, மீன் தலை, எதுவானாலும் ஜன்னலைத் திறந்து அதற்குள் எறிவதே எல்லோருக்கும் வழக்கம். அவளும் எறிந்திருக்கிறாள். இப்போது எட்டிப் பார்த்தாள். அடியில் ஒன்றும் தெரியவில்லை. இளஞ்சூடான காற்று மட்டும் மேலே வந்து முகத்தில் படிந்தது. யாரோ வாயைத் திறந்து மூச்சு விட்டதுபோல.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் பராசா துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

"இந்தக் குழியை எப்பவாச்சும் சுத்தம் பண்றீங்களா, பெரியவரே? நாத்தம் வீட்டுக்குள்ள வருது."

"நீங்கெல்லாம் போடுறதை நிறுத்துங்க, நான் பண்றேன்."

"எலிதான் ஒயரைக் கடிக்குதுன்னு நினைக்கிறேன்."

"எலியா? இந்தக் கட்டடத்துல எலி பாத்து எத்தனை மாசம் ஆச்சு, மகளே? எலியும் கிடையாது, பூனையும் கிடையாது." பெருமையாகத்தான் சொன்னார். பிறகு கண்ணைத் திருப்பிக்கொண்டார். "மழை வந்தா இப்படித்தான். ஆள் ஒருத்தன் உள்ள போனா சரியாயிடும். போன மழைக்கும் அப்படித்தான் சரியாச்சு."

இரண்டு மணிக்கு நெட் நிறுவனத்து ஆள் முட்டிசோ வந்தார். நாற்பது வயது, தொந்தி, மஞ்சள் மழைக்கோட்டு. ஆறு மாடி ஏறிய மூச்சிரைப்போடு மோடத்தைத் தட்டினார்.

"தொண்ணூத்தொம்பது சதவீதம் நிக்காம வரும்னு விளம்பரத்துல போடுறீங்களே, அண்ணே?" என்றாள்.

"பொய்யில்ல தங்கச்சி. அந்த மிச்ச ஒரு சதவீதம் பூரா உங்க கட்டடத்துலதான் குடியிருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அவர் தாழ்வாரத்து ஜன்னல் வழியாகக் கைவிட்டு அவள் ஒயரைக் கீழிருந்து இழுத்தார். வழவழவென்று வந்தது. நான்கு முழம் வந்ததும் கையை நிறுத்தினார். வெளித்தோல் வெளுத்து, ஊறி, சுருங்கிப்போயிருந்தது. உள்ளே இருக்கும் கண்ணாடி இழை மயிர்போல நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நீளமான கறுப்பு முடி ஒன்று ஒட்டியிருந்தது. முட்டிசோ அதை உதறிவிட்டு, விரல்களைக் கோட்டில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"எலி கடிச்சா வெட்டுன மாதிரி இருக்கும்," என்றார் மெதுவாக. "இது சப்புன மாதிரில்ல இருக்கு."

மறுபடி இழுத்தார். கீழே ஏதோ பிடித்துக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தார். கீழிருந்து அதே பலத்தோடு ஒயர் திரும்ப இழுக்கப்பட்டு, அவர் மணிக்கட்டு ஜன்னல் கம்பியில் மோதியது.

"க்ளிப்புல மாட்டிருக்கு," என்றார். குரலில் சிரிப்பு இல்லை. "கீழ போய்த்தான் ஒட்டணும். நீ போன்ல இரு. விளக்கு பச்சையானா சொல்லு."

போகாதீர்கள் என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். மணி இரண்டே முக்கால். வாயை மூடிக்கொண்டாள்.

கைப்பேசியைக் காதில் வைத்தபடி மோடத்தின் முன் உட்கார்ந்தாள். படிகளில் அவர் காலடி. கீழே பராசாவிடம் சாவி கேட்கும் குரல். "நான் வரல, எனக்கு ஈரம் ஆகாது" என்ற பராசாவின் பதில். குழியடியின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது.

"ஐயோ, என்னம்மா இது! முழங்கால் வரைக்கும்... சூடா இருக்கு. தங்கச்சி, இது குப்பை மாதிரியே இல்ல. தோலு மாதிரி..."

இரும்புக் கதவு மறுபடி கிறீச்சிட்டது. பூட்டு விழும் ஓசை.

"பெரியவரே? யோவ், கதவைத் திற!"

பிறகு ஓர் ஓசை. சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவதுபோல. அதற்குப் பிறகு மூச்சு மட்டும்.

"அண்ணே?"

மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

அவள் கை தன்னால் கணினிக்குப் போனது. ஃபைலை ஏற்றினாள். இதுவரை அவள் பார்த்தே இராத வேகம். பத்து சதவீதம். முப்பது. கைப்பேசியில் ஏதோ சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. நிதானமாக, எச்சில் ஊற, எலும்பில் ஒட்டியதை உறிஞ்சுவதுபோல. எழுந்திருக்க வேண்டும். ஓட வேண்டும். ஐம்பத்தெட்டு. கீழே ஒரு மனுஷன். எழுபத்தொன்று. இன்னும் கொஞ்சம். கொஞ்சம்தான். கைப்பேசியைத் தொடையில் கவிழ்த்து அமுக்கிக்கொண்டாள். தொடைக்குள் அந்தச் சத்தம் அதிர்ந்தது.

நூறு.

கைப்பேசியை எடுத்தாள்.

"வந்துடுச்சா, தங்கச்சி?" முட்டிசோவின் குரல். குளிர்ந்துபோய், குழறாமல்.

அவளுக்கு உயிர் வந்தது. "வந்துடுச்சு அண்ணே! நீங்க நல்லாருக்கீங்களா?"

"வந்துடுச்சா, தங்கச்சி?"

"வந்துடுச்சுங்கிறேன்ல."

"வந்துடுச்சா, தங்கச்சி?"

அதே இறக்கம். அதே இடைவெளி. இப்போது கைப்பேசியில் மட்டும் கேட்கவில்லை. தாழ்வாரத்திலும் கேட்டது. குழிக்குள்ளிருந்து.

கட்டடம் முழுக்க ஆரவாரம் எழுந்தது. "நெட்டு வந்துருச்சு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். ஐந்தாம் மாடியில் கால்பந்தாட்டம் அலறியது. யாரோ ஊர்ப்பாட்டுப் போட்டார்கள். கெமுன்டோ சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தாழ்வாரம் எங்கும் மாட்டுக்குடல் வாடை. கூரையோரத்து ஒயர்கள் எல்லாம் விறைத்து நின்றன. துடித்தன.

ஜன்னலைத் திறந்தாள். கைப்பேசி விளக்கைக் கீழே பிடித்தாள்.

முட்டிசோ தொங்கிக்கொண்டிருந்தார். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே. கால் எதிலும் ஊன்றவில்லை. எட்டு மாடி ஒயர்களும் நாலாபக்கமிருந்து வந்து அவர் வாய்க்குள் போயின. தாடை மார்புவரை இறங்கியிருந்தது. தொண்டை பானைபோலப் புடைத்திருந்தது. மழைக்கோட்டுக்குக் கீழிருந்து ஒயர்கள் ஒரே தடித்த கொத்தாக வெளியேறி இருட்டுக்குள் இறங்கின. வெள்ளையாக. வழவழவென்று. கன்னத்துத் தோலுக்குள் பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது.

அவர் உதடு அசையவில்லை. அசைய இடமில்லை.

"வந்துடுச்சா, தங்கச்சி?" என்றது குழியின் அடி.

மூன்றாம் மாடியில் யாரோ கை தட்டிச் சிரித்தார்கள். இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது. ஒரு கை வெளியே நீண்டு, தட்டில் மிஞ்சியதைக் குழிக்குள் வழித்துப் போட்டுவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டது.

கீழே ஏதோ விழுங்கியது.

முட்டிசோவின் கண்கள் திறந்திருந்தன. அவளை நிமிர்ந்து பார்த்தன. நீர் வழிய, மெதுவாக, இமைத்தன.