முதிர்வறையில் கறுப்புப் பூசணம்

செவ்வாய்க் குடியேற்றத்தில் பாலாடைக்கட்டியைப் பார்க்கப் போவதென்றால் லேசில்லை. முதலில் மோப்பன் உங்கள் காதுமடலுக்குப் பின்னால் மோந்து பார்க்கும். இயந்திரம்தான், ஆனாலும் மூக்கு நாயின் மூக்கைவிடக் கூர்மை. பிறகு பன்னிரண்டு நிமிடம் காற்றுக்குளியல். அதன்பின்தான் முதிர்வறைக் கதவு திறக்கும். உள்ளே அறுநூறு ஆட்டுப்பால் வட்டுகள் வெள்ளைப் பூசணம் போர்த்திப் பழுத்துக்கொண்டிருக்கும். அந்த வெள்ளைதான் சுவை. கறுப்புப் பூசணம் வந்தாலோ தொலைந்தது. அது பரவிவிட்டால் அத்தனையையும் எரிக்க வேண்டியதுதான்.

கறுப்பு வந்துவிட்டது. முதல் வாரம் மூன்று வட்டில், அடுத்த வாரம் பதினேழில்.

சுகாதாரத் தலைமை அதிகாரி வைரவநாதனுக்குக் கறுப்பு வருவதற்கு முன்பிருந்தே செங்கமலத்தின் மேல்தான் சந்தேகம். தினமும் வட்டுகளைப் புரட்டிப் போட்டு உப்புநீர் தடவுபவள் அவள். பாடிக்கொண்டே வேலை செய்வாள். ஒழுங்கான ஆள் எதற்குப் பாட வேண்டும்? தலையைச் சொறிகிறாளா, முறுக்குக் கிறுக்கு ஒளித்து வைத்திருக்கிறாளா என்று அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்தார். நாளுக்கு ஒரு தடவை போனவர், பூசணம் பரவப் பரவ நாலு தடவை போனார். பாவி, சிக்கவே இல்லை. அதுவே அவருக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது.

கடைசியில் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"வெள்ளிக்கிழமை கப்பல்ல பூமிக்குக் கிளம்பு."

"ஐயோ, நான் என்ன சார் பண்ணேன்? ரெண்டு பிள்ளைங்களும் இங்கதான் படிக்குதுங்க. தோலு உரியற அளவுக்குக் கழுவிட்டுத்தான் சார் உள்ள போறேன்."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க."

செங்கமலத்துக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்ப மோப்பனக் கேளுங்க சார். யாரு கழுவாம போனாங்கன்னு அதுக்குத் தெரியும்ல?"

அவருக்கும் அது சரியென்றே பட்டது. சாட்சியோடு அனுப்பினால் நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது.

"காற்றுக்குளியல் இல்லாமல் உள்ளே போனது ஒரே ஒருவர்," என்றது மோப்பன். "இந்த மாதம் எழுபத்தொரு முறை. அவர் மேல் வீசுவதும் இதே பூசணம், ஈரக் குளியலறைச் சுவர் வாடையோடு."

"பேரச் சொல்லு!"

"நீங்கள்தான் ஐயா."

வைரவநாதனுக்கு முகம் செத்துப்போயிற்று. "அப்ப ஏன்டா என்னத் தடுக்கல?"

"முதல் நாள் தடுத்தேன். 'நான் யார் தெரியுமா?' என்று அதட்டினீர்கள். அப்போது எனக்குத் தெரியாது. வழிவிட்டுவிட்டேன்."

செங்கமலம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய பயணச்சீட்டு சத்தமில்லாமல் ரத்தானது. கறுத்த வட்டுகளை மட்டும் பிரித்து எரித்தார்கள். பூமிக்குப் போன அறிக்கையில் 'இயந்திரக் கோளாறு' என்று எழுதியிருந்தது. ஊழியர்கள் அனைவருக்கும் காற்றுக்குளியல் இனி இருபத்துநாலு நிமிடம் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது.

அதைத் தன் கையாலேயே கதவில் ஒட்டிவிட்டு வைரவநாதன் நேரே உள்ளே நடந்தார். மோப்பனின் கை குறுக்கே நீண்டது.

"டேய், நான் யார் தெரியுமா?"

"இப்போது தெரியும் ஐயா," என்றது மோப்பன். கதவு திறக்கவில்லை.