நூற்றுப்பன்னிரண்டாம் இலக்கப் பெண்ணின் வீடு

டொக்டர் எமிலி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து சேர்ந்தபோது பகல் பதினொரு மணி. மூன்று இராணுவச் சென்றிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி வந்திருந்தார். ஒரு கடிதத்தையும் ஒரு மருத்துவ சஞ்சிகையையும் நூலகர் நல்லரத்தினத்தின் மேசையில் வைத்துவிட்டு, யாரோ வீட்டுச் சங்கதியைப்போலத் தன் கதையைச் சொன்னார்.

எண்பத்தெட்டில் வாவிக்கரைக் கிராமங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பிரசவங்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்து, ஒரு பதிவேட்டில் எழுதியவர் அவர். தொண்ணூறில் வீடு எரிந்தபோது பதிவேடும் எரிந்தது. எண்களின் பிரதி மட்டும் கல்லடியில் தமக்கையிடம் தப்பிக் கிடந்தது. அதை வைத்து இந்த வருடம், தொண்ணூற்று நாலில், கட்டுரை எழுதி அனுப்பினால், இதே எண்களை டொக்டர் இராசதுரை இரண்டு வருடத்துக்கு முன்பே வெளியிட்டுவிட்டார், உம்முடையது களவா என்று கேட்கிறது சஞ்சிகை. விளக்கம் சொல்ல இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

“பேருக்காக வரல்ல,” என்றார் எமிலி. “அவர்ர கட்டுரைய நம்பித்தான் ஒரு தொண்டு நிறுவனம் மருத்துவிச்சிய எழுவான்கரையில வைச்சிருக்கு. போன மாசியில படுவான்கரையில புஸ்பம் எண்ட பிள்ளை ரத்தம் போய்ச் செத்தா, தன்ர வீட்டிலேயே. என்ர கட்டுரை வந்தாத்தான் மருத்துவிச்சிய அங்கால மாத்துவாங்க.”

கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை, இரண்டுக்கும் நடுவே வாவி. ஊரடங்கில் தோணி ஓடாது. அதை அங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நூலக உதவியாளர் பற்றிக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய மனுசன். களவு என்று காதில் விழுந்தால் போதும், சோறு வேண்டாம். மேற்கோள் சுட்டித் தொகுதிகளைத் தூக்கிவந்து எண்ணினார். இராசதுரையின் கட்டுரையை நாற்பத்தொரு பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். எமிலிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாசிக்குப் பிறகு அவருக்கு ஒன்றுமே வருவதில்லை.

நல்லரத்தினம் கட்டுரையை இரண்டு தரம் ஆறுதலாக வாசித்தார். இராசதுரை யார் என்று விசாரித்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர், எண்பத்தொன்பதில் மூன்று மாதம் எமிலியோடு ஒரே ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்தவர். பதிவேட்டைக் கண்ணாலும் கண்டதில்லை, தானே வீடுவீடாகப் போனேன் என்று சஞ்சிகைக்கு எழுதியிருந்தார்.

“உங்கட பதிவேட்டில ஊருக்கு எத்தினை நிரல்?”

“ரெண்டு. பெண் இருக்கிற ஊர் ஒண்டு, புருசன் பிறந்த ஊர் ஒண்டு.”

நூலகர் பிளேன்ரீயைக் குடித்து முடித்தார். புஸ்பத்தின் இலக்கத்தை எமிலியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு பற்றிக்கை அழைத்துக் காதோடு ஏதோ சொல்லிப் படுவான்கரைக்கு அனுப்பினார்.

ஐந்தாம் நாள் இராசதுரை ஒரு கருத்தரங்குக்காக வந்தார். நல்லரத்தினம் அவரைத் தேநீருக்கு அழைத்தார். எமிலியும் இருந்தார். இராசதுரை மரியாதையாகவே பேசினார். டொக்டர் எமிலியின் நிலைமைக்காக வருத்தப்படுவதாகச் சொன்னார்.

நூலகர் சஞ்சிகையைத் திறந்து வாசித்தார். “‘பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்த பெண்கள் நாற்பதாம் நாள் எழுவான்கரையில் உள்ள கணவனின் ஊருக்குத் திரும்பினர். அங்கே அவர்களை நேரில் பார்த்தேன்.’ நூற்றுப்பன்னிரண்டாம் இலக்கப் பெண்ணையும் பார்த்தீங்களா?”

“எல்லாரையும் பார்த்தேன்.”

பற்றிக் பொலித்தீன் பையிலிருந்து ஒரு காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து வைத்தார். மூலையில் பூசிய மஞ்சள் இன்னும் போகவில்லை. அது புஸ்பத்தின் சீதன உறுதி என்று எமிலி அப்போதுதான் கண்டார். நூற்றுப்பன்னிரண்டு அவள்தான், எண்பத்தெட்டில் அவளுக்குத் தலைப்பிள்ளை.

“எங்கட பக்கத்தில கல்யாணத்தோட வீடு பெண்ணுக்கு,” என்றார் நல்லரத்தினம். “மாப்பிள்ளைதான் அங்க வாற. இது எண்பத்தாறில எழுதின உறுதி. அதே வருசம் புருசன்ர தாய் தன்ர வீட்டை மகளுக்கு எழுதிட்டா. அப்ப புஸ்பம் நாப்பதாம் நாள் எந்த வீட்டுக்குப் போனா, டொக்டர்? ஒரு வீட்டு வாசல் படலைய நீங்க திறந்திருந்தாலும் இது தெரிஞ்சிருக்கும்.”

இராசதுரை அவசரமாகக் குறுக்கிட்டார். “ரெண்டு ஊர் எழுதியிருந்தது. கணவனின் ஊர் என்று தனி நிரலே இருந்தது. அதனாலதான்...”

“எதில எழுதியிருந்தது?”

 அவர் காணவில்லை என்று சொன்ன பதிவேட்டில்தான் எழுதியிருந்தது. பற்றிக் வெள்ளைத்தாளையும் பேனையையும் நகர்த்தி வைத்தார். எண்கள் எமிலியுடையவை என்று இராசதுரை சஞ்சிகைக்கு ஒரு கடிதமும் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதமும் எழுதிக் கையொப்பமிட்டார்.

அவர் போன பிறகு பற்றிக் மெல்லக் கேட்டார், அந்த நாற்பத்தொரு மேற்கோளும் இனி டொக்டரின் பெயருக்கு மாறுமா என்று.

“அது அவருக்கே கிடக்கட்டும்,” என்றார் எமிலி. “மருத்துவிச்சி எப்ப வாறா எண்டு கேட்டுச் சொல்லுங்க.”

மருத்துவிச்சி ஆடியில் வந்தார். படுவான்கரையில் தங்க இடம் கிடைக்காமல் அலைந்தபோது, புஸ்பத்தின் தாய் பூட்டிக் கிடந்த மகளின் வீட்டைத் திறந்துவிட்டார். எமிலி பார்க்கப் போனார். புஸ்பம் கிடந்த அறையில் ஒரு கட்டிலும், குழந்தை நிறுக்கும் தராசும், ஒரு புதுப் பதிவேடும் இருந்தன. அழுகை வரும் என்று நினைத்தார். அதுவும் வரவில்லை.

வாசலில் ஒரு கர்ப்பிணிப் பெண் காத்திருந்தாள். மருத்துவிச்சி பேனையைத் திறந்தபடி, இரண்டு ஊர் சொல்கிறாள், விலாசத்துக்கு எதை எழுதுவது என்று கேட்டார்.

“அவட வீட்டை எழுதுங்க,” என்றார் எமிலி.